கரண்ட் இல்லாத நாளில் ஒரு சொனாட்டா

சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள் இருக்கிற அருப்புக்கோட்டைத் தெருவில் வயலின் வாசித்துப் பதிவு செய்ய நல்ல நாள் எது? மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை மின்சாரத்தை நிறுத்துவார்களே, அந்த நாள். தறிகள் வாயடைத்துக் கிடக்கும். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்ததில் கொஞ்சம் கர்வம் வேறு.

நான் பள்ளியில் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுப்பவள். மேல்நாட்டு வயலின் தேர்விலும் தேறினால்தான் அடுத்த வருடம் வேலை என்று சொல்லிவிட்டார்கள். நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு ஜெர்மானியர் வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதிய சொனாட்டா. அதன் மெதுவான பகுதியை வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும். அந்த மாதம் கரண்ட் நிறுத்திய நாள்தான் அதை அனுப்பக் கடைசி நாள். பியானோவுக்குப் பதில் கீபோர்டு. வாசிப்பவர் என் கொழுந்தனார். கல்யாணக் கச்சேரிகளுக்குப் போகிறவர். ஒரு மாதமாகத் தினமும் மத்தியானம் வந்து என்னோடு சண்டை போட்டார்.

சண்டைக்குக் காரணம் என் கைதான். பதினெட்டு வருடம் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த கை. பாடுகிறவர் போகிற வழியைக் கேட்டு, ஒரு இழை பின்னால் போய்த்தான் பழக்கம். சொனாட்டாவில் இரண்டு வாத்தியமும் சமம். நானோ கீபோர்டுச் சத்தம் காதில் விழுந்த பிறகே வில்லை இழுத்தேன்.

“மதினி, நான் ஒண்ணும் பாகவதர் இல்ல. எனக்குப் பின்னாடி வராதீக.”

“நீங்கதான் ஓடுறீக,” என்பேன்.

அன்று காலை அவர் கீபோர்டை மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தறி ஓடாது என்று கணக்குப் போட்ட மூளைக்குக் கீபோர்டும் ஓடாது என்று தோன்றவில்லை. வீட்டு இன்வெர்ட்டரும் பழுது. கோபம் என் மேல். திட்டு வாங்கியது அவர்.

“கரண்டு வார வரைக்கும் சும்மா இருப்பானேன்? வாசிங்க மதினி,” என்று அவர் பாட்டுக்கு உயிரில்லாத கட்டைகளை அழுத்த ஆரம்பித்தார். பின்தொடரச் சத்தமே இல்லாமல் முதல் வரியிலேயே முழித்து நின்றேன். அவர் விரலைப் பார்த்து, நானே எண்ணி, நானே துணிந்து நுழைய வேண்டியிருந்தது. முப்பது தடவையாவது திரும்ப வாசித்திருப்போம். ஒரு தடவைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டவள். நேரில் இன்னும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கூடவே பக்கத்துக் கூடத்துத் தறிகளும் கிளம்பிவிட்டன. பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்க ஓடினேன். தறி ஓட்டுகிறவர்களுக்கு நெய்கிற அளவுக்குத்தான் கூலி. பகல் முழுக்க சும்மா இருந்தவர்கள். கூடத்துக்காரர் அவர்களைப் பார்த்தார். அக்கா ஒருவர் முதலில் தன் தறியை நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

ஒரே தடவையில் வாசித்து முடித்தோம். நன்றி சொல்லப் போனபோது அந்த அக்கா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார்.

“தெனமும் சாப்பாட்டு நேரத்துல கேப்பேன் டீச்சர். ஒங்க வயலினு அந்தப் பொட்டிக்குப் பின்னாடியே வரும். இன்னைக்குச் சேந்து வந்துச்சு.”

தேர்வு முடிவு ஒரு மாதம் கழித்து வந்தது; தேறியிருந்தேன். ஆனால் நான் அழுதது அன்று, அந்தத் தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு.