எண்ணாமல் விட்ட பற்கள்

உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் ஜீப் ஓட்டியவர் வியாகுலம். 1959இல் தோட்டத்தை நிர்வகித்த துரை பெரிய டயர்களை மாட்டியதும் ஜீப் மேடேறத் திணறியது. அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் பற்கள் கூடினால் இழுவை கூடும் என்று வியாகுலத்துக்குத் தெரியும். பழைய ஜீப்பொன்றின் இரண்டு அச்சுகளையும் வாங்கினார். பின் அச்சைத் திறந்து எண்ணினார், நாற்பத்துமூன்று பற்கள். ஜீப்பில் ஏற்கெனவே இருந்ததில் முப்பத்தொன்பதுதான். “முன் அச்சும் இதேதான்” என்று விற்றவன் சொன்னதை நம்பி, அதைத் திறக்காமலே இரண்டையும் ஜீப்பில் பூட்டினார்.

மறுநாள் பிரசவ வலியில் துடித்த தோட்டத் தொழிலாளி வேலாயியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கல்ரோட்டு ஏற்றத்தில் நான்கு சக்கரமும் இழுக்கட்டும் என்று லீவரைப் போட்டார். ஜீப் கடகடவென்று இடித்து நின்றது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கின்றன என்று அவருக்குப் புரிந்தது.

“என்னாச்சுண்ணே?” என்றான் வேலாயியின் புருஷன் அழகன்.

“எண்ணாம விட்டுட்டேன்பா.”

அழகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வியாகுலம் ஜீப்பைச் சற்றுப் பின்னுக்கு உருட்டி லீவரை விடுவித்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து தள்ள, பின்சக்கரங்களின் இழுவையிலேயே ஜீப் மேடேறியது. ஆஸ்பத்திரி சேர்ந்த அரைமணியில் பிள்ளை பிறந்தது.

திரும்பி வந்து முன் அச்சைத் திறந்தார். முப்பத்தொன்பது பற்கள். நேரே துரையிடம் போய்த் தன் தவறைச் சொன்னார்.