அண்ணன் போனை ரீசெட் செய்த நாள்

என் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அவர் என்னோடு பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. குரல்வளையை எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தியையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்தான் சொன்னார். "தொண்டைய அறுத்து எடுக்கணுமாம் மாப்ள. அதுக்கப்புறம் பேச்சு வராதாம்." நான் இரண்டடி தள்ளி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

பேச்சு நின்றது அம்மா செத்த அன்றைக்கு. கடைசி நாட்களில் அம்மா நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டில்தான் இருந்தாள். மூச்சுத் திணறுகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு உசிலம்பட்டியில் சந்தை. அண்ணன் அங்கே மாட்டுத் தரகர். சந்தை நேரத்தில் அவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அவர் எழுமலையிலிருந்து வந்தபோது அம்மாவைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். "எங்காத்தா மூஞ்சிய உசுரோட பாக்க விடாமப் பண்ணிட்டா" என்றார். அதையும் கூட்டத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

முறை செய்வதில் மட்டும் குறை வைக்கவில்லை. என் மகளுக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமனாகச் சீர்த்தட்டுகளோடு முதல் ஆளாக வந்து நின்றார். தீபாவளிக்குத் துணி வரும், பொங்கலுக்குக் கரும்பு வரும். வந்தால் என் வீட்டில் சாப்பிடுவார். நான் பரிமாறுவேன். "ரசம் போதும்னு சொல்லுங்க மாப்ள" என்பார், கரண்டியோடு நான் எதிரிலேயே நிற்கும்போது. எங்கள் பக்கத்தில் பேச்சு முறிந்த வீடுகளில் இப்படித்தான் நடக்கும். நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்துவார்கள். எனக்கும் வீம்பு குறைவில்லை. "இன்னும் ரெண்டு அப்பளம் வைக்கட்டுமான்னு கேளுங்க" என்று நானும் என் வீட்டுக்காரரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா அவரிடம், "யார்கிட்ட என்ன பேசணுமோ இப்பவே போன்ல பேசிப் பதிஞ்சு வச்சுக்கங்கண்ணே, பின்னால வருத்தப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மகள் போனில் ரெக்கார்டரைத் திறந்து காட்டிக் கொடுத்தாள். மூன்று சாயங்காலம், மாடிப்படி வளைவில் தனியாக உட்கார்ந்து பேசினார். கிட்டே யாரும் போகக் கூடாது. பேசி முடித்து, இது இன்னாருக்கு என்று சொல்லிப் போனைத் தருவார். அவள் போட்டுக் கேட்காமலே அதற்குப் பெயர் மட்டும் போட்டு வைப்பாள்.

"இவ கல்யாணத்தன்னைக்குத்தான் போட்டுக் கேக்கணும். அதுக்குள்ள நான் போயிட்டா அன்னைக்குக் கேளுங்க. நடுவுல எவனும் தொடக் கூடாது" என்று மகளைக் காட்டி அண்ணன் உத்தரவு போட்டார். அண்ணன் மனைவியான மதினிக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆள் உயிரோடு கண்முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரலைத் தனியாகப் போட்டுக் கேட்பது ஆகாது என்று அவர் நினைத்தார். அதனால் யாரும் கேட்கவில்லை. யாரும் இன்னொரு போனுக்கு அனுப்பவும் இல்லை. இருந்த ஒரே இடம் அந்தப் போன்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டையும் அதன் மேல் ஒரு துணியுமாக வீட்டுக்கு வந்தார். நான்கைந்து மாதத்தில் சந்தைக்கும் போக ஆரம்பித்துவிட்டார். மாட்டுக்கு விலை பேசுவது துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தானே; அதற்கு வாய் வேண்டியதில்லை. மற்றதற்கெல்லாம் போன்தான் அவர் வாய். டைப் செய்து எதிரில் இருப்பவரிடம் காட்டுவார். அந்தப் போனோ ஒரு எழுத்தைத் தட்டினால் மூச்சுவிட்டு யோசித்து அப்புறம்தான் காட்டும். நடுவில் கடன் வேண்டுமா, ரம்மி ஆடுகிறீர்களா என்று விளம்பரம் வந்து திரையை மறைத்துக்கொள்ளும். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் அவர் போனைத் தொடையில் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, செக்கப் முடித்து மதினியோடும் மகளோடும் என் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து, போனை என் கையில் கொடுத்தார். மதினி வழியாக இல்லை, மகள் வழியாக இல்லை. நேராக என் கையில். கல்லூரி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் என்பதால், எங்கள் குடும்பத்தில் மிக்ஸி கெட்டாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஆனாலும் அவர் கொடுத்தாரே. அந்த நிமிஷம் அவர் என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

"வைரஸ் ஏறியிருக்கு மதினி. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசு மாதிரி ஆக்கிரலாம். அதுக்கு முன்னால பேக்கப் எடுத்துட்டா ஒண்ணும் போகாது" என்றேன். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். "அம்புட்டும் திரும்பி வந்துருமா?" என்று மதினி கேட்டார். "அம்புட்டும் வந்துரும்" என்றேன்.

திரையில் வரிசையாக வந்தது: படங்கள், தொடர்பு எண்கள், மெசேஜ்கள், செயலிகள். ஒவ்வொன்றுக்கும் டிக் விழுந்தது. வாட்ஸ்அப்பைத் தனியாக எடுத்தேன். பேக்கப் முடிந்தது என்று போனே சொன்னது. ஒரு மாணவனின் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியை மூன்று தடவை சரிபார்க்கிறவள் நான். அன்றைக்கு அந்தப் பட்டியலில் என்ன இல்லை என்று ஒரு தடவை பார்க்கவில்லை. ரெக்கார்டரில் பேசியது அந்தக் கணக்கில் சேராது, தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல மனசு வரவில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன். இன்னொரு முறையும் கேட்டது.

போன் மறுபடி எழுந்ததும் பழைய மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "அதெல்லாம் கடைக்காரப் பய போட்டுக் குடுத்ததுத்தா" என்றார் மதினி. அன்று சாயங்காலமே அவர்களோடு பஸ் ஏறி, போன் வாங்கிய உசிலம்பட்டிக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் போன் வாங்குகிற எல்லோருக்கும் தன் கடைப் பெயரில் உள்ள ஒரே மெயிலைப் போட்டுக் கொடுத்து வந்திருக்கிறார். "இவுகளுக்கெல்லாம் மெயில் எதுக்குக்கா? கேட்டா பாஸ்வேர்ட மறந்துட்டேம்பாக. நம்மகிட்ட இருந்தா பத்திரம்ல" என்று சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தார்.

பேக்கப் ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு இருந்தது, எல்லாம் யார் யாருடையதோ. முதலில் தொட்டதில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் குழந்தைக்கு மொட்டை போட்ட படங்களும், 'போர் மோட்டார்', 'பால் புதுசு', 'டிரைவர் ரெண்டு' என்று ஊரார் நம்பர்களும் இறங்கின. அண்ணன் அந்தக் குழந்தைப் படத்தைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன். மறுபடி அழித்து, சரியான பேக்கப்பைக் கண்டுபிடித்து ஏற்றியதும் அவருடைய படங்கள் வந்தன, நம்பர்கள் வந்தன, மாட்டுப் படங்கள் நானூறும் வந்தன. எழுத்து பட்பட்டென்று விழுந்தது. கடைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுக்கும்படி மதினிக்குச் சைகை காட்டினார். அம்மா செத்ததற்கு அப்புறம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த டீக்கடை வாசலில்தான்.

மறுநாள் காலையில் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, ரெக்கார்டர் காலியா இருக்கு. அப்பா பேசுனதெல்லாம் எங்க போட்டு வச்சிருக்கீங்க?"

"இருக்கும்டா, பாத்துச் சொல்றேன்" என்று பொய் சொன்னேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, போனை வாங்கிக்கொண்டு மதுரையில் அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒவ்வொன்றாக ஏறினேன். மூன்றாவது கடைக்காரர் பெரியவர், பொறுமையாகச் சொன்னார். "மெமரி கார்டுல இருந்தா தோண்டி எடுத்துரலாம்மா. இது போனுக்குள்ளேயே இருந்தது. எல்லாத்தையும் பூட்டித்தான் வச்சிருக்கும். ரீசெட் பண்ணுனா அந்தச் சாவியையே அழிச்சுப்புடும். அதுக்கப்புறம் பூட்டுன ஆளே வந்தாலும் திறக்க முடியாது." அவருக்குக் கூலி கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்து சொந்தபந்தம் முழுக்கக் கேட்டேன். யாரிடமாவது அவர் குரல் இருக்கிறதா என்று. எட்டு ஊருக்குக் கேட்கிற குரல், ஒருவர் போனிலும் இல்லை. அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆள் இல்லை. போன் போட்டுக் கத்துகிற ஆள். கடைசியில் ஒரு காதுகுத்து வீடியோவில் மேளச் சத்தத்துக்கு நடுவே "இலையப் போடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அதுவும் அவர்தானா என்று மதினிக்குச் சந்தேகம்.

எழுமலைக்குப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "நான்தான் அழிச்சேன். திரும்ப வராது" என்றேன். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் எழுந்து தொழுவத்துப் பக்கம் போனார். மகள்தான் என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்தாள். கல்யாணத்தன்று அப்பா குரலைக் கேட்கவேண்டியவள் அவள். அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன்.

"விடுங்க அத்தை. எனக்காச்சும் அப்பா பேசுனது இருபது வருஷத்துக்கு மனசுல இருக்கு" என்றாள். கொஞ்ச தூரம் போய், "உங்களுக்கும் ஒண்ணு பேசியிருந்தாரு" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"கடைசி நாள் சாயங்காலம் பேசுனது. அத்தைன்னு நான்தான் பேர் போட்டேன். மத்ததெல்லாம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அதுதான் பெருசு. நாலு நிமிஷத்துக்கு மேல இருந்துச்சு."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. திரும்பி அண்ணன் வீட்டுக்கே நடந்தேன். எட்டு வருஷத்துத் திட்டை நாலு நிமிஷத்தில் தாராளமாகத் திட்டிவிடலாம். திட்டாகவே இருந்திருந்தாலும் எனக்குப் போதும். அம்மாவைப் பற்றிப் பேசியிருப்பாரோ. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தானே ஆரம்பித்திருப்பார். அவர் வாயில் என் பெயர் எப்படி ஒலிக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அண்ணன் தொழுவத்தில் கன்றுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஆள் வைக்காமல் நானே கேட்டேன். "எனக்கு என்னண்ணே பேசுன? எழுதியாவது காட்டுண்ணே." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தட்டினார், அழித்தார். மறுபடி நிறையத் தட்டினார். அதையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். போன் இப்போது கொஞ்சமும் தயங்கவில்லை. அவர் அழிக்க அழிக்க உடனே அழிந்தது.

கடைசியில் என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'சரி விடு' என்று இருந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் பேச்சு. ஆறுதலாகச் சொல்கிறாரா, வெறுத்துப்போய்ச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் அதற்குள் குனிந்து தவிட்டில் கையை விட்டிருந்தார். குரல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.