பழனிக்காரர்களுக்குப் பழனியைக் காட்டியது

என் மாமியார் வீட்டில், வந்த விருந்தாளிக்குக் கொடைக்கானலைச் சுற்றிக் காட்டுவதற்கு ஒரு முறை உண்டு. தூரத்துக் காட்சியெல்லாம் காலையில், கிட்டத்துக் காட்சியெல்லாம் மதியத்துக்கு மேல். விடிந்ததும் குறிஞ்சியாண்டவர் கோயில், அதன்பிறகு மலைவிளிம்பை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதை, வீட்டுக்கு வந்து சாப்பாடு, கடைசியாக ஏரியும் பூங்காவும். மதியம் மூடுபனி ஏறிவிட்டாலும் ஏரி எங்கேயும் ஓடிப்போகாது, கரையில் நின்றால் தண்ணீராவது தெரியும் என்பது அத்தையின் கணக்கு.

இன்னொரு முறையும் உண்டு. நிற்கிற இடத்தில் பனி மறைத்துக்கொண்டால் அது எங்கள் வீட்டுக் குற்றம். ரசத்தில் உப்பு கூடிப்போனதற்கு வருந்துவது போல அத்தை வருந்துவார். “அஞ்சு நிமிஷம் இருங்க, வெலகிரும்” என்பார். விலகாது. விலகாவிட்டால் கிளம்பவும் விடமாட்டார். காட்சியைக் காட்டாமல் விருந்தாளியைத் திருப்பி அழைத்து வருவதும் சோறு போடாமல் அனுப்புவதும் அந்த வீட்டில் ஒன்றுதான். ஒருமுறை என் வீட்டுக்காரர் தேனியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கைக்குழந்தையோடு பொழுது சாயும்வரை குளிரில் நிறுத்திவைத்துக் கூட்டிவந்தார். குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. அத்தை அதற்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஆனால் கஷாயத்துக்கு முன்னால் அவர் கேட்டது, “வைகை டேம் தெரிஞ்சுச்சா?” என்பதுதான்.

எனக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நான் பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே பஞ்சாமிர்தக் கடை. காவடியும் மேளமும் மொட்டைத் தலைகளுமாக வாசலில் எந்நேரமும் ஜனம் போய்க்கொண்டே இருக்கும். வெயில் என்றால் வெயில். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் கொடைக்கானல் நாயுடுபுரத்துக்கு வந்தபோது, ஆறு மணிக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லாததைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடந்தது. தோசை மாவைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போலப் படுக்கவைக்க வேண்டும். கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத்தான் துணி உலர்த்துவோம். நான் கட்டிய சேலையெல்லாம் புகை வாசம் அடித்தது. கன்னமும் குதிகாலும் வெடித்துப்போயின.

இரண்டு வருஷம் திட்டினேன். குளிரைத் திட்டினேன், குரங்கைத் திட்டினேன், விடாமல் பெய்த தூறலைத் திட்டினேன். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். வாயாடாத மனுஷர். நான் திட்டி முடித்ததும் “டீ போடவா?” என்று கேட்பார், அவ்வளவுதான்.

அடிவாரத்தில் அப்பாவுக்கு இரண்டாவதாக ஒரு கடை இருந்தது. வாடகைக்கு இருந்தவர் காலிசெய்து போனபின் அதை யாருக்கும் விடாமல் பூட்டியே வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனபோது நானே வாய்விட்டுக் கேட்டேன். “அப்பா, நாங்க இங்கயே வந்துர்றோம். நீங்க மேல வந்து அத்தைகிட்டப் பேசுங்க.” வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர், “எங்கம்மா சரின்னு சொன்னாச் சரி. அம்மாவையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்” என்றார். நான் விரும்பியது கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது.

பங்குனி உத்திரக் கூட்டம் கலைந்ததும் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அதுதான் அவர்கள் முதன்முதலாகக் கொடைக்கானல் மலை ஏறியது. கல்யாணத்துக்கு முன் வீடு பார்க்க என் சித்தப்பாதான் வந்து போனார். அப்பாவுக்குக் கடையை விட்டு நகர முடியாது, அம்மாவுக்குப் பஸ் என்றாலே குமட்டும். பிறந்ததிலிருந்து வாசலில் நின்று பார்த்த மலைக்கு இத்தனை வருஷம் கழித்து, வடகவுஞ்சி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, அம்மா வந்து இறங்கினாள். இறங்கியதும் என் கன்னத்தைத்தான் தடவிப் பார்த்தாள். வீட்டுக்குள் வந்து கூடைமேல் கிடந்த துணியைப் பார்த்தாள். ராத்திரி படுக்கும்போது என் காதுக்குள், “நாளைக்குச் சாயங்காலம் அப்பா பேசிருவாரு ஆத்தா. மனசத் தேத்திக்க” என்றாள்.

மறுநாள் வீட்டுக்காரருக்கு மதுரைக்குச் சவாரி வந்துவிட்டது. சீசன் தொடங்கும் நேரம், விட முடியாது. அத்தையாவது கூட வருவார் என்று நினைத்தேன். “பெத்தவங்களுக்கு மக காட்டணும். நடுவுல எனக்கென்ன சோலி?” என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் திட்டம் எதுவும் தெரியாமல் அப்பாவிடம், “வெள்ளனே கெளம்பி மொதல்ல குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போயிருங்க சம்பந்தி. அங்கருந்து பாத்தா உங்க பழனி மலை கோயிலோட அப்படியே தெரியும்” என்று பெருமையாகச் சொன்னார்.

அப்பா சிரித்துவிட்டார். “பழனியப் பாக்கவா பழனியில இருந்து பஸ் ஏறி வந்தோம் சம்பந்தியம்மா? அதைக் கடைசில பாத்துக்கலாம். நீ மொதல்ல ஏரியக் காட்டும்மா” என்று என்னிடம் சொன்னார்.

அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான். இப்படியாக வரிசை தலைகீழாயிற்று.

ஏரிக்கரையில் அப்பா கொஞ்சதூரம் நடந்துவிட்டு, “நம்ம வையாபுரிக் குளம் இதைவிடப் பெருசு” என்றார். யாரும் கேட்காமலே என் வாய் திறந்தது. “பெருசுதான். சித்திரையில அதுல தண்ணி கெடக்குமா?”

அப்பா என்னை ஒருமாதிரி பார்த்தார். பூங்காவில் அம்மா, “பூவு பெருசா இருக்கு, ஆனா வாசமே இல்லியே” என்றாள். இதே வார்த்தையை நான் போன மாதம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவள் சொன்னபோது சுருக்கென்றது. “வெயில் ஏறட்டும்மா, அப்ப மோந்து பாரு” என்றேன். வெயில் ஏறினால் வாசம் வருமா என்று எனக்கே தெரியாது. மனிதர்கள் விஷயத்தில் மட்டும்தான் இப்படிச் சுருக்கென்னும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரரை நான் ஆயிரம் சொல்லலாம், என் அம்மா ஒரு சொல் சொல்லக்கூடாது. ஊருக்கும் அது பொருந்தும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோக்கர்ஸ் வாக்குக்குப் போய்ச் சேர்வதற்கும் பனி ஏறுவதற்கும் சரியாக இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. அப்பா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “சுண்ணாம்பு அடிச்ச செவுத்தப் பாக்கவா இத்தனை பேரு வர்றாங்க?” என்றார்.

“அஞ்சு நிமிஷம் இருங்க, வெலகிரும்” என்றேன்.

சொன்னபிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. எனக்கு என்மேலேயே எரிச்சல். ஆனாலும் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. அம்மா என் சால்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பனி விலகவில்லை. “என்ன ஊரும்மா இது? மழையும் இல்ல, வெயிலும் இல்ல, ஒண்ணுக்கும் உதவாம” என்று அப்பா சொன்னார்.

“ஒண்ணுக்கும் உதவாதா? உங்க பஞ்சாமிர்தத்துக்குப் பழம் எங்கருந்து வருது?” என்று பிடித்துக்கொண்டேன். “இந்த மலை வாழப்பழம் இல்லாம நாட்டுப்பழத்தப் போட்டுப் பெசைஞ்சு பாருங்க. ரெண்டு நாள் தாங்குமா? நம்ம வீட்டுச் சோறே இந்த ஊரு போட்டதுதான்.”

நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுடைய தொழிலில் அவரை மடக்கிய ஆள் அதுவரை இல்லை.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலமாகிவிட்டது. நடை திறந்திருந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பழனி தெரிகிற இடத்தில் நின்றோம். அங்கேயும் வெள்ளைதான். கால் வலிக்கிறது, போகலாம் என்றாள் அம்மா. நான் விடவில்லை. எனக்கு ஏன் அத்தனை பிடிவாதம் வந்தது என்றால், இவர்கள் இதைப் பார்க்காமல் போய்விட்டால் எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. கல்யாணமான முதல் வருஷம் மாதாமாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று இங்கே வந்து நின்று அழுவேன். அப்புறம் அழுகை நின்றுபோனது. வருவது மட்டும் நிற்கவில்லை. இன்றைக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அத்தையிடம் போய்ச் சொல்வேன்.

சட்டென்று காற்று மாறியது. பனி கீழிருந்து கிழிந்துகொண்டே வந்தது. சமவெளி முழுக்க வெயில், நடுவில் குன்று, குன்றின்மேல் கோயில்.

“இவ்வளவுதானா நம்ம மலை?” என்றார் அப்பா. வாழ்நாள் முழுக்க அண்ணாந்து பார்த்ததைக் குனிந்து பார்த்தவர் வேறென்ன சொல்வார்?

“நம்ம வீடு எங்க இருக்கு?” என்று அம்மா கேட்டாள். குளம் மின்னுகிற இடத்தைக் காட்டி, அங்கிருந்து விரலை நகர்த்தி, கோயிலின் அடியில் நிறுத்தினேன். வீடெல்லாம் தெரியாது. ஆனால் அம்மா தெரிகிறது என்றாள். “அப்பா கடையத் தெறந்ததும் மொதல்ல இந்தப் பக்கந்தான் பாப்பாரு. மேகம் மூடியிருந்துச்சுன்னா, பிள்ளை நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கும்பாரு” என்றாள். அப்பா அவளை அதட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை, “தெரிஞ்சுச்சா?” என்றார். “தெரிஞ்சுச்சு அத்தே, கோபுரங்கூடத் தெரிஞ்சுச்சு” என்றேன். பந்தயத்தில் ஜெயித்துவிட்டு வந்தவள் குரல் அது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அடுப்படியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரரும் வந்துவிட்டார். அப்பா மழையைப் பற்றிப் பேசினார், வாழைத்தாரைப் பற்றிப் பேசினார், கீரைக் கூட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா இருமினாள், கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் வழியனுப்ப நானும் அத்தையும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அத்தை அம்மாவுக்கு எலுமிச்சம்பழம் வாங்கக் கடைப்பக்கம் போன நேரம் பார்த்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். “ஏம்ப்பா கேக்கல?”

“கேக்கத்தான் வந்தேன். நேத்துக் காலைல இருந்து நீ இந்த ஊருக்காக யாவாரம் பண்ணிக்கிட்டே வந்தே. நான் எந்நேரத்துல கேக்கறது?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவராக முடிவு செய்துகொள்வதா? பதில் சொல்வதற்குள் அத்தை வந்துவிட்டார். பழத்தை அம்மா கையில் வைத்தார். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் விசில் ஊதியதும் அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“அம்மாடி, அந்தக் கடைய வேற ஆளுக்கு விட்டுரவா? இல்ல, பூட்டியே கெடக்கட்டுமா?”

அவருக்குப் பக்கத்தில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர ஆரம்பித்தது. கூடவே நாலு எட்டு ஓடினேன்.

“விட்டுருங்கப்பா” என்று கத்தினேன்.

அம்மா எலுமிச்சம்பழத்தை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். பஸ் வளைவில் மறைந்தது.

“எதை விடச் சொன்னே?” என்று அத்தை கேட்டார்.

“கடைய, அத்தே.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. கொஞ்சம் தள்ளி, ரோட்டோரச் சுவரண்டை போய் நின்றால், கீழே போகிற பஸ் இன்னொரு வளைவில் ஒருதரம் தெரியும். போய் நின்றேன். ராத்திரி பெய்த மழைக்கு எங்கும் பனி மூடிக் கிடந்தது.

“வா, வெரசாப் போவோம். அடுப்புல பால் இருக்கு” என்றார் அத்தை.

“அஞ்சு நிமிஷம் இருங்கத்தே, வெலகிரும்” என்றேன்.

அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்குப் பனி விலகவில்லை. பால் பொங்கி வீணாகியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் நின்றுகொண்டிருந்தோம்.