ஒரு பிடி அரிசி, ஒரு யோசனை

போன சனிக்கிழமை காலையில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்! இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள்... ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் வாயே திறக்காமல் நான் உண்டாக்கிய குழப்பம் இருக்கிறதே, பேசியிருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க முடியாது.

அன்றைக்குப் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. ஆரணியில் எங்கள் தெருவில் பெருமாளுக்குத் தளிகை போடுகிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்தத் தளிகைக்கு அரிசியைக் கடையில் வாங்கக் கூடாது. குளித்து, நெற்றியில் நாமம் போட்டு, துளசி சுற்றிய பித்தளைச் சொம்புக்கும் ஒரு நாமம் போட்டு, வீடு வீடாகப் போய் ‘கோவிந்தா’ என்று நிற்க வேண்டும். காலில் தண்ணீர் ஊற்றி, சொம்பில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். மாடி மேல் மாடி கட்டியவனும் அன்றைக்குப் பிச்சைக்காரன்தான். அந்த அரிசியைப் பொங்கிப் படைத்துவிட்டு, போட்டவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும்.

எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு வழக்கம். சொம்பைக் கையில் எடுத்ததிலிருந்து அரிசியை உலையில் போடுகிற வரைக்கும் ‘கோவிந்தா’ தவிர வேறு வார்த்தை வரக் கூடாது. யார் ஆரம்பித்ததோ தெரியாது. எங்கள் வீட்டு ஆண்களின் வாயைத் தாங்க முடியாத பெண்கள் யாரோதான் ஆரம்பித்திருக்க வேண்டும் என்பது என் மனைவி சுமதியின் கட்சி.

சுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழப்பமே அவளைப் பற்றித்தான்.

அவள் லேப் டெக்னீஷியன். இருபது வருஷமாக ஆரணியில் ரத்தம் எடுத்தவள். எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவளுக்கு அத்துப்படி. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் அவள் பார்க்காதபோது வாங்கித் தின்கிறவர்கள் நிறைய. மூன்று மாதம் முன்னால் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு லேப் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. முதலில் தற்காலிகம். பர்மனென்ட் ஆகச் சம்மதமா, இல்லையா என்று அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அவள் சொல்லியாக வேண்டியிருந்தது. சம்மதம் என்றால் இனிமேல் சென்னைதான்.

பையன் வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில். நான் இங்கே தனியாக. பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். வாரத்தில் ஆறு நாள் பார்டரும் முந்தானையும் போடுகிறேன், ஏழாவது நாள் உங்களுக்கு எழுதுகிறேன்.

தனியாக என்றேனே... ஆரணியில் எவன் தனியாக இருக்க முடியும்? வாசலில் பால் பாக்கெட் ஏழு மணிக்கு மேல் அப்படியே கிடந்தால் கதவைத் தட்டிவிடுவார்கள். அது நல்லதுதான். இரண்டு பாக்கெட் கிடந்தாலும் தட்டுவார்கள், “யாரு வந்துகீறாங்க?” என்று. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எதிர்வீட்டுப் பங்கஜம் அக்கா வீட்டிலிருந்து குழம்பு வரும். பக்கத்து மளிகைக் கடை ஏழுமலை அண்ணன் வீட்டிலிருந்து கீரைக் கடைசல் வரும். மூன்று மாதத்தில் நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். சுமதி அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பெண்களோடு ஒரே அறையில், சம்பளத்தில் பெரும் பங்கை வாடகைக்கே கொடுத்துவிட்டு, பாக்கெட் தயிர் சாப்பிட்டுக்கொண்டு ஒரு சுற்று இளைத்துவிட்டாள்.

ஆக, சனிக்கிழமை காலை. சொம்போடு கிளம்பினேன். முதல் வீடு பங்கஜம் அக்கா.

“கோவிந்தா!”

அக்கா தண்ணீர் ஊற்றினார், விழுந்து கும்பிட்டார், அரிசி போட்டார். போட்ட கையோடு யோசனையும் போட்டார். “இன்னா தம்பி, சுமதி வேலைய விட்டுட்டு வந்துடுதா? பட்ணத்துல இன்னா கீது சொல்லு? குடிக்கிற தண்ணி காசு. நல்லது கெட்டதுக்கு ஒரு நாதி உண்டா? தீபாவளி வந்தா யாருக்குப் பலகாரம் குடுக்கும்? திங்கக்கெழம வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடுது... அப்படித்தான?”

நான் என்ன சொல்ல முடியும்? வாயில் இருப்பது ஒரே வார்த்தை.

“கோவிந்தா.”

“அதான பாத்தேன்! எம் மனசு சொல்லிகினே இருந்துச்சு” என்று அக்கா மருமகளிடம் சொல்ல உள்ளே ஓடினார். “ஏ மல்லிகா, சுமதி வந்துடுதாண்டி! நாமம் போட்டுகினு சொம்போட நிக்கற மனுசன் பொய்யா சொல்லுவாரு?”

தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டியிருந்தால் விரதம் ஒன்றும் கெட்டுப் போயிருக்காது. அது எனக்கும் தெரியும். ஆட்டவில்லை. ஏன்? கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. எங்கள் தெருவில் எந்த நெட்வொர்க்கும் வேண்டாம், ஜன்னல் போதும். “ரொம்ப சந்தோசம் சார்” என்று ஒரு பிடி. “நம்ம ஊரு மாதிரி வருமா சார்” என்று இன்னொரு பிடி. ஏழுமலை அண்ணன் இரண்டு கையும் சேர்த்து அள்ளிப் போட்டார். “நல்ல முடிவு எடுத்தப்பா. காசு இன்னா, இன்னிக்கு வரும் நாளிக்குப் பூடும். பொண்டாட்டி ஒரு ஊரு, நீ ஒரு ஊருன்னா அது ஒரு பொழப்பா? பேஜாரு!” நானும் கோவிந்தா, கோவிந்தா என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தேன்.

தெருக்கோடியில் ஜெயந்தி டீச்சர் வீடு. சுமதியின் சிநேகிதி. அவரும் தண்ணீர் ஊற்றி, அரிசி போட்டார்.

“விட்டுட்டாளா? பாவம் சார்... அந்த வேலை அவளுக்கு ரொம்பப் புடிச்சிருந்துது.”

அதற்கும் கோவிந்தாதான் சொன்னேன். ஆனால் இந்தத் தடவை சிரிக்காமல், சொம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அரிசியை உலையில் போட்டேன். இனிமேல் பேசலாம். ஆனால் யாரிடம், என்னவென்று பேசுவது? அதற்குள் அடுப்படி நிறையப் பெண்கள். ஒருத்தர் வடைக்கு அரைக்கிறார், ஒருத்தர் புளிசாதம் கிளறுகிறார். பங்கஜம் அக்கா மாவிளக்குக்கு இடித்துக்கொண்டே, சுமதி பழைய லேபிலேயே சேரலாமா, சொந்தமாக லேப் வைக்கலாமா என்று முடிவு செய்துகொண்டிருந்தார். சொந்த லேப் வைப்பது என்று தீர்மானமாகியிருந்தது. இடம்கூடப் பார்த்துவிட்டார்கள்.

சுமதியின் பஸ் பதினோரு மணிக்கு மேல் வந்தது. அவள் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே முகத்தைப் பார்த்தேன். போச்சுடா சாமி!

“ஆட்டோக்காரரு சொல்றாரு... நான் வேலைய விட்டுட்டேனாம்” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்க் கைகால் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து வடை தட்ட உட்கார்ந்துவிட்டாள்.

ஆரணியில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடத் தனி இடம் கிடையாது, தெரியுமா? சென்னை ஃபிளாட்டில் கதவைச் சாத்தினால் உள்ளே உலக யுத்தமே நடத்தலாம். இங்கே அதற்கும் ஒரு சாக்கு வேண்டும். “இலை நறுக்கணும், மாடிக்கு வாங்க” என்றாள். கத்தியோடு போனாள். நான் வாழை இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“இன்னாங்க பண்ணி வச்சிகீறீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. கோவிந்தான்னுதான் சொன்னேன்.”

“தலைய ஆட்டறதுக்கு இன்னா கேடு?”

நான் இலைக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

அவள் இலையின் நுனியை நறுக்கிக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. கீழே அக்காமார் இருக்கிறார்களே.

“இருபது வருசமா இந்த ஊருல ரத்தம் எடுத்துகினு இருந்தேன். என்னை யாருன்னு கேட்டா ‘டிசைன்காரரு சம்சாரம்’னுதான் சொல்லுவாங்க. அங்க ஒரு மிஷினு நின்னு போச்சுன்னா பெரிய டாக்டரே ‘சுமதிய கூப்பிடுங்க’ன்றாரு. எனக்கு அது புடிச்சிருக்குதுங்க. சொல்றதுக்கு எனக்கு வெக்கமே இல்ல.”

“அப்ப இந்த ஊரு புடிக்கலியா?”

“யாரு சொன்னது? போன சனிக்கெழம அந்த ரூம்ல ஒரு வெளக்கு ஏத்தி ஊதுவத்தி வச்சேன். அந்தப் பொகைக்கு அலாரம் அடிச்சு, வார்டன் ஓடியாந்து கத்து கத்துன்னு கத்துச்சு. இங்க தெருவே கோவிந்தா போடற மாசம்... அங்க ஒரு ஊதுவத்திக்கு மன்னிப்புக் கேட்டுகினு நின்னேன். அன்னிக்கு அழுதேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“சொன்னா உடனே ‘வந்துடு’ம்பீங்க.”

ஆமாம். சொல்லியிருப்பேன். அடுத்த பஸ்ஸுக்கே சொல்லியிருப்பேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “தெரு பூரா நான் எப்ப வருவேன்னு கேக்குது. சரி, கேக்கட்டும், பாசத்துலதான் கேக்குறாங்க. நீங்க எப்ப அங்க போவீங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? அவங்கள வுடுங்க... நீங்க கேட்டுகினீங்களா?”

இல்லை. சத்தியமாக இல்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். என் வீட்டில் தறியா ஓடுகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்ல? ஒரு கம்ப்யூட்டர். டிசைனை அனுப்பினால் முதலாளி இங்கே வாங்கி ஜக்கார்டு தறியில் ஏற்றிக்கொள்கிறார். நான் ஆரணியில் இருந்தால் என்ன, அம்பத்தூரில் இருந்தால் என்ன? புடவைக்குத் தெரியப் போகிறதா?

பிறகு எது பிடித்து இழுக்கிறது? சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் நான் நடந்தால் நாலு பேர் “இன்னா சார்” என்பார்கள். அங்கே போனால் நான் ‘சுமதி மேடம் வீட்டுக்காரர்’. அவ்வளவுதான். அந்த மாதிரி ஒரு பெயரோடு இந்த ஊரில் இருபது வருஷம் ஒருத்தி சிரித்த முகமாக இருந்திருக்கிறாள் என்பது மாடியில் நிற்கும்போதுதான் உறைத்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன். “சரி, எலைய எடுங்க, பசியோட உக்காந்துகினு கீறாங்க” என்றாள்.

கீழே வந்தோம். படையல் போட்டோம். மாவிளக்கு எரிந்தது. தெருவே சேர்ந்து கோவிந்தா போட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும், வருஷா வருஷம். இந்த வருஷமும் சிலிர்த்தது.

பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததும் பங்கஜம் அக்கா ஆரம்பித்தார். “சுமதி, திங்கக்கெழம ராகு காலம் போனப்புறம் எழுதிக் குடு. ஏழரை ஒம்போது வேணாம்.”

சுமதி என்னைப் பார்த்தாள். புளிசாதத் தட்டு அவள் கையில் அப்படியே நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் விரதம் போலிருக்கிறது.

“எழுதித்தான் குடுக்கப் போறாக்கா” என்றேன். “சம்மதம்னு எழுதிக் குடுக்கப் போறா. பர்மனென்ட். நானும் கூடப் போறேன்.”

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த மல்லிகாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில்...

“ஏம்பா, காலையில கோவிந்தான்னியே?” என்றார் ஏழுமலை அண்ணன்.

“சாமி பேரத்தாண்ணே சொன்னேன். மிச்சத்த நீங்கதான சொன்னீங்க?”

அக்கா ஒரு வடை தின்று முடிக்கிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. இரண்டாவது வடைக்கு வாயைத் திறந்தார். “அங்க போயி ஒருத்தரையும் தெரியாம மோட்டுவளைய பாத்துகினு உக்காரப் போற. நாலே நாள்ல திரும்பி வருவ, பாரு.” மூன்றாவது வடையில் குரல் இறங்கிவிட்டது. “வூட்டு சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. தூசி அடிச்சி வைக்கிறேன். மூணாஞ்சனிக்கெழம மட்டும் வராம இருந்துடு... ஒதைதான், ஒனக்கும் சரி, அவளுக்கும் சரி.”

சுமதி சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் தடவையாக.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ராகு காலம் போன பிறகுதான். இப்போது வீடு தேடுகிறோம். ஊதுவத்திக்கு அலாரம் அடிக்காத வீடு என்பது முதல் நிபந்தனை. வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அது உண்மை. ஆரணியில் அந்த வாடகைக்கு ஒரு தெருவே நம்மைச் சொந்தம் கொண்டாடும். பட்டணம் பெயரைக் கொடுக்கிறது, சொந்த ஊர் உறவைக் கொடுக்கிறது. இரண்டும் வேண்டும் என்றால் சனிக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டாவது வர வேண்டியதுதான். வருவோம். எனக்கு ஒன்றும் குறை இல்லை, கீரைக் கடைசல் மட்டும்தான்.

பேசக் கூடாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் விரதம். பேச வேண்டிய நேரத்திலும் மூடிக்கொண்டிருந்தால்? அதற்கும் சுமதி ஒரு பெயர் வைத்திருக்கிறாள்... பத்திரிகையில் போட மாட்டார்கள்.