அத்தை சொன்ன பெயர்

எங்கள் மகனுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அவன் துரையாகிவிட்டான். அப்படி ஆக்கியவள் என் அக்கா. என் மனைவி மாசமாக இருந்தபோது ஆலங்குடியிலிருந்து தினமும் போன் பண்ணுவாள். என்னை விசாரிக்க மாட்டாள். "தொரை என்ன பண்றாரு, எந்திரிச்சிட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி. பெண்ணாகப் பிறந்தால் என்ன செய்வாய் என்று ஒருநாள் கேட்டேன். "அப்பவும் தொரைதான். நீ போனை அவகிட்டக் குடு" என்றாள்.

பிறந்தது பையன். கொஞ்ச நாளில் வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருவே அவனைத் துரை என்றது. பால்காரர்கூட, "தொரைக்கும் சேத்து ஊத்தவா?" என்று கேட்டார்.

பெயர் விஷயத்தில் என் மனைவிக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அவளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. "டீச்சர் பேரைக் கூப்புட்டா வேற யாரையோன்னு நெனச்சு உக்காந்திருப்பேன். எங்கம்மா போனதுக்கப்பறம் வீட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லாமப் போச்சு. இவனுக்கு அப்படி வேணாங்க. சர்டிபிகேட்டுலயும் தொரை இருக்கணும்" என்றாள்.

ஜோசியர் ஒரு எழுத்தைக் கொடுத்திருந்தார். அந்த எழுத்தில் தொடங்க வேண்டும், துரை என்று முடிய வேண்டும். நாலைந்து நாள் அதே வேலையாக இருந்து ஒரு பெயரைப் பிடித்தேன். கம்பீரமான பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என்ன என்று எனக்கே தோன்றுகிறது, ஆனாலும் எழுதவில்லை.

அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "நல்ல பேருடா" என்றாள். சிக்னல் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களில் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வது அத்தைதான். வெற்றிலையைக் காதோரம் பிடித்து மூன்று முறை சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. வளைகாப்பு வீடுகளில் கடைசி வரிசையில் உட்காருவாள். பெயர் வைக்கும் வீடுகளுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவாள். யாரும் அவளை முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. அதற்கு இடம் கொடுக்காமல் அவளே ஒதுங்கிக்கொண்டாள். ஆனால் தம்பி பிள்ளைக்குப் பெயர் சொல்லும் உரிமையை மட்டும் யாராலும் பிடுங்க முடியாது என்று இருந்தாள். அதற்கென்று ஒரு பட்டுச்சேலை எடுத்து, ரவிக்கையும் தைத்து வைத்திருந்தாள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் அறந்தாங்கியிலிருந்து பெரியம்மா வந்து இறங்கினாள். எங்கள் அம்மா இல்லாத வீட்டில் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். பெயரைச் சொன்னேன். காபியைக் கீழே வைத்தாள்.

"அது ஒங்கக்கா மாமனார் பேருல்லடா?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்த்ததோடு சரி. இருந்தவரை அவர் எனக்கு மாமா. செத்த பிறகும் மாமாதான். எங்கள் குடும்பங்களில் முறை சொல்லியே கூப்பிட்டு, ஆளின் பெயரைத் தொலைத்துவிடுவோம். அக்கா அந்தப் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ஆலங்குடியில் அதே பெயரில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அதை அவள் 'பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல உள்ள கடை' என்பாள். வழி சொல்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன்.

"மாமனார் பேர அவ எப்படிச் சொல்லுவா? குடும்பத்துக்கு ஆகாதுடா. எம்மக வந்து சொல்லட்டும், அவளும் அத்தைதான்" என்ற பெரியம்மா, கொஞ்சம் குரலைத் தணித்து, "அவ ரெண்டு புள்ளை பெத்தவ" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் முன்னால் அவ்வளவும் பேசினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "பேரை மாத்திடுறேன் பெரியம்மா" என்றேன். என் மனைவி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "மாத்துங்க. மதினிதான் சொல்லணும்" என்றாள். அந்த எழுத்தில் தொடங்கித் துரையில் முடிகிற வேறு பெயர் கிடைக்கவில்லை; அவளுக்கு அது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. "மாத்தாத. மாத்துனா என்னாலதான் மாறுச்சுன்னு அவன் கல்யாணம் வரைக்கும் பேசுவாளுக. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பெரியம்மாவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். அக்கா காதில் துரை என்று மட்டும் சொல்லட்டும், முழுப்பெயரை சர்டிபிகேட் பார்த்துக்கொள்ளும். வந்தவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். பட்டுச்சேலையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கினாள். வெற்றிலையைப் பிடித்து, முந்தானையால் இரண்டு பேர் தலையையும் மூடிக்கொண்டு குனிந்தாள். நிமிர நேரமானது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததும் பையன் சப்புக் கொட்டினான். எல்லோரும் "தொரை, தொரை" என்று கொஞ்சினார்கள். அதன்பிறகு பேச்சு சாம்பாருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன்.

"தொரைன்னுதானக்கா சொன்ன?"

"இல்ல. நீ வச்ச பேர. முழுசா."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"என்னடா பயம்? சொன்னாத்தான் குடும்பத்துக்கு ஆகாதுன்னாங்க. இத்தனை வருசம் சொல்லாமத்தான இருந்தேன். எனக்கு என்ன நல்லது ஆச்சு?"

கேட்டுவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.