நாலாம் நம்பர் காற்று

எங்கள் காரின் முன்சீட் என்னுடையது. பதினொரு வயதில் எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான். கலகெதரையிலிருந்து கண்டிக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு வேலைக்குப் போகும் அப்பா, போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். ஏசிக் குமிழை ஒன்றிலிருந்து நான்குவரை திருப்புகிற உரிமையும் எனக்குத்தான்.

தீபாவளி முடிந்த கையோடு சித்தி குவைத்துக்கு வேலைக்குப் போனார். மடுல்கெல்லயிலிருந்து அவருடைய மகள் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பள்ளிக்கூடம் போன முதல் நாளே வளைவுகளில் தலைசுற்றிப் பின்சீட் முழுக்க வாந்தி எடுத்தாள்.

"புள்ள முன்னால உக்காரட்டும். மெதுவா காத்து பட்டா சரியாயிரும்" என்றார் அப்பா.

அவ்வளவுதான், என் ஆட்சி கவிழ்ந்தது. குமிழை ஒன்றில் வைத்துக்கொண்டு அவள் சொகுசாக வந்தாள். அந்த மழைமாதக் குளிரிலும் பின்சீட்டில் என் வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மழுப்ப ஒன்றுமில்லை.

போதாததற்கு வெள்ளிக்கிழமைப் பூவும் கைமாறியது. வீட்டில் பூசை முடிந்ததும் காருக்கும் ஒரு கைப்பிடி பூ உண்டு. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் படுத்திருக்கும் இடத்தில் வைக்கவேண்டும். கார் வாங்கிய நாள் முதல் அது என் வேலை. "தாயப் பிரிஞ்சு இருக்கிற புள்ள, அவ வைக்கட்டும்" என்று அம்மா தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டார். சித்தியின்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் காற்று நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என எதில் வைத்தாலும் மூச்சே இல்லை. நான்கில் மட்டும் புயல். கண்ணாடியில் படியும் ஆவிக்குச் சூட்டுக்காற்றைப் போட்டாலும் அதே கதைதான். "இவதான் சும்மா சும்மா திருகி ஒடைச்சிட்டா" என்றேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலாம் நம்பர் காற்றில் அவள் பல் கிட்டித்து நடுங்கியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்தச் சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டை கராஜுக்குப் போனோம். மெக்கானிக் பாஸ் குமிழை நான்கு நம்பரிலும் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"மோட்டர்ல பிழை இல்ல சேர். பிழையெண்டா நாலுலயும் ஓடாதே. உள்ளுக்கு ரெசிஸ்டர்னு ஒரு சாமான் ஈக்கி. ஒண்டு, ரெண்டு, மூணுக்குக் காத்தைக் கொறைக்கிறது அதுதான். நாலு அதைத் தொடாமப் போகும்."

முன்சீட்டுக்கு நேரே இருந்த பெட்டியைக் கழற்றி உள்ளே கைவிட்டு எடுத்தார். கம்பிச்சுருள் கரிக்கட்டையாக இருந்தது. "இது சூடாகிற சாமான். ஆத்துறதே அந்தக் காத்துதான். காத்து அடைபட்டாக் கருகிரும்" என்றபடி பில்டரையும் உருவினார். மக்கிப்போன பூ பொலபொலவென்று கொட்டியது. வைப்பருக்கு அடியில் உள்ள துவாரங்கள் வழியாகத்தான் வண்டிக்குள் காற்று போகிறதாம். எங்கள் பக்தி அத்தனையும் அதற்குள்தான் போயிருக்கிறது.

"பூ வைக்கிறது இவதான்!" என்றேன். எனக்கே கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். குப்பைக்குள் ஜரிகைத் துணுக்கு ஒன்று மின்னியது. அவள் வருவதற்கு முன்பு, ஆயுதபூசையன்று நான் அடம்பிடித்து வாங்கிக் காருக்குப் போட்ட மாலையின் ஜரிகை. அப்பாவுக்கு அது நினைவில் இல்லை. எனக்கு இருந்தது.

"நாந்தான் பெரியப்பா. இனிமே வைக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"தெரியாம செஞ்சதுதானே, விடு" என்று அப்பா முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை அவள் தானாகவே பின்சீட்டில் ஏறினாள். அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். "இல்ல பெரியப்பா, இப்ப பழகிருச்சு" என்றாள். நான் முன்னால் ஏறிக் குமிழை ஒன்றில் வைத்தேன். புது ரெசிஸ்டர், இதமான காற்று. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். புத்தகப்பையை வயிற்றோடு அணைத்து, உதட்டை இறுக மூடியபடி இருந்தாள். ஒருதரம்கூட வாந்தி எடுக்கவில்லை.

"பாத்தீங்களாம்மா? அவ்வளவும் நடிப்பு" என்று அன்று மாலையே அம்மாவிடம் கோள் சொன்னேன்.

அதன்பிறகு தினமும், பள்ளிக்கூட வாசலில் கார் நின்றதும், அப்பாவுக்குக் கைகாட்டிவிட்டு அவள் குழாயடிக்கு ஓடுவாள். அப்பாவின் கார் வளைவில் மறையும்வரை நிற்பாள், பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். முகம் கழுவி அழகு பார்க்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.