கடல் தெரியாத அறை

சீஷெல்ஸ் தீவுகளில் கடல் தெரியாத அறை ஒன்றைத் தேடி அலைந்த முதல் ஆள் என் மகளாகத்தான் இருக்கும். அங்கே எல்லோரும் கடலைக் காட்டித்தான் பிழைக்கிறார்கள். கட்டிலில் படுத்தால் கடல், குளிக்கப் போனால் கடல், சோற்றுக்கு உட்கார்ந்தால் கடல். இவளோ பள்ளிக்கூடம் விட்ட பின்னேரங்களில் விடுதி விடுதியாக ஏறி இறங்கி, கடல் கண்ணில் படாத அறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். ஒரு விடுதிக்காரன், வரப்போகிறவர்கள் பொலிசுக்குப் பயந்து ஒளிய வருகிறார்களா என்று விசாரித்தானாம். இதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் அங்கே மாஹே என்கிற பெரிய தீவில் கணிதம் படிப்பிக்கிறாள். இலங்கையிலிருந்து ஆசிரியர்களை அங்கே எடுப்பார்கள் என்பதே அவள் போன பிறகுதான் எனக்குத் தெரியும். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பா, டிசம்பர்ல எனக்கு லீவு. நீங்களும் அம்மாவும் வாங்க. நத்தாருக்கு இஞ்ச என்னோட இரிங்க. எனக்கு ஒரு நத்தார் வேணும்."

முப்பது வயதுப் பெண், சின்னப் பிள்ளை இனிப்புக் கேட்பது போலக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்க வேண்டி வந்ததற்குக் காரணம் எங்கள் வீடு.

எங்கள் வீடு மட்டக்களப்பில், பெரியகல்லாற்றில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் காலை. நான் அப்போது உன்னிச்சைக் குளத்தில் நீர்ப்பாசன வேலையில் இருந்தேன். மாரி மழைக்குக் குளம் முட்டி நின்றது. மிஞ்சிய தண்ணீரை விட வான்கதவு திறக்கிற வேலையில் நத்தாருக்கும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் மனைவியும் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். மனைவி ஒரு மாமரத்தில் சிக்கிக் கிடந்தாள். மகளை யாரோ ஒரு கூரைக்கு இழுத்து ஏற்றியிருந்தார்கள். மகனைக் காணவில்லை. அவனுக்கு ஐந்து வயது.

அவனுடைய உடலும் கிடைக்கவில்லை. ஒரு குழி தோண்டி ஒரு சிலுவை நட்டிருந்தால், அழுது புரண்டாவது நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்போம் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பதிலாக, யாரோ ஒரு பிள்ளையை யாரோ எடுத்துக்கொண்டு போனதாக ஆயிரம் கதைகள் வந்தன. என் மனைவி அத்தனையையும் நம்பினாள். ஊரில் பாதிப் பேர் கடலை விட்டு உள்ளே தள்ளிக் குடிபெயர்ந்தபோது அவள் அசையவில்லை. அவனுக்குத் தெரிந்தது இந்த வீடு ஒன்றுதான், இதையும் விட்டுப் போனால் எங்கே வருவான் என்று கேட்டாள். ஆனால் கடலைப் பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை. கிழக்குப் பக்க ஜன்னலை நானே கல் வைத்து அடைத்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நத்தார் இல்லை. பலகாரம் இல்லை, புது உடுப்பு இல்லை. ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு மறுநாள் விடிந்தால் முன்கதவு திறக்கும், இரவு வரைக்கும் திறந்தே கிடக்கும். மனைவி அதற்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். யாரோடும் பேச மாட்டாள். மகள் அந்தக் கதிரைக்குப் பின்னால்தான் வளர்ந்தாள். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அழைப்பைக் கேட்டதும் மனைவி, "அந்த நாளண்டைக்கு வீட்டப் பூட்டிப்போட்டு வரச் சொல்றாளா?" என்று எழுந்து போய்விட்டாள். நான் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு கிழமை கழித்து, அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"அந்தப் புள்ளைக்கும் ஆரு இரிக்கா? போவம்."

அன்று தொடங்கியது எங்கள் பயண ஏற்பாடு. உல்லாசப் பயணம் போகிறவர்கள் எதை எதைப் பார்க்கலாம் என்று திட்டம் போடுவார்கள். நாங்கள் எதை எதைப் பார்க்காமல் தப்பலாம் என்று போட்டோம். நூற்றுக்கு மேல் தீவு இருக்கிற நாடு. ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கப்பலில் போக வேண்டும் என்றதும் மனைவி கையை விரித்தாள். சரி, ஒரே தீவு. கடற்கரைப் பாதையில் பஸ் ஓடும் என்றாள் மகள். அதுவும் வேண்டாம், மலைப்பாதை இருந்தால் சொல் என்றாள் இவள். விமானம் கடலோரத்தில்தான் இறங்கும் என்பதை நான் வீடியோவில் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்துக்கு ஏதாவது சொல்லிக் கண்ணை மூட வைக்கலாம் என்று இருந்தேன்.

கடைசியில் மகள் தான் வாடகைக்கு இருக்கிற வீட்டிலேயே பின்னறையைப் பிடித்துவிட்டாள். வீட்டுக்காரி ஒரு கிரியோல் அம்மா. ஆபிரிக்கா, பிரான்ஸ், இந்தியா எல்லாம் அவருடைய பாட்டன் பூட்டன் வழியில் கலந்திருக்கிறதாம்.

"நம்மட பறங்கியாக்கள் மாதிரியா?" என்று கேட்டாள் மனைவி. மட்டக்களப்பில் எங்களுக்குத் தெரிந்த கலப்பு, போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழி வந்த அவர்கள்தான்.

"ஓம் அம்மா, அப்பிடித்தான். நத்தார் எண்டா பாட்டும் ஆட்டமும் விடிய விடிய. ஈரப்பலாக்காய் அவிச்சு, தேங்காப்பால் விட்டு மீன் கறி வைப்பாங்க."

"நம்மட வளவுல காய்க்கிற ஈரப்பலாக்காயத் தின்னவா பிளேன் ஏறி வாற?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையைக் காட்டினாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே ஒரு பெரிய கருங்கல் பாறை, பாசி பிடித்து, ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. வேறொன்றும் தெரியவில்லை. மனைவி போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நல்லாரிக்கு புள்ள" என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டு மாலைகள் மாறிப்போயின. மேசை அளவு ஆமைகள் நடக்கிற வீடியோவை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கிரியோல் மொழியில் 'நன்றி' எப்படிச் சொல்வது என்று கேட்டு வைத்துக்கொண்டு, நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் எனக்கே சொல்லிக் கேலி செய்தாள். களுவாஞ்சிக்குடிக்குப் போய் மகளுக்கு ஒரு நீலச் சட்டை தைக்கக் கொடுத்தாள். மார்கழி பிறந்ததும் ஒரு நாள் ரவை, கஜு, திராட்சை எல்லாம் வாங்கி வரச் சொன்னாள். நத்தார் கேக் செய்யப் போகிறாளாம். இருபது வருடத்துக்கு மேல் பாவிக்காத தட்டை எங்கிருந்தோ தேடி எடுத்துத் தேய்த்தாள். அந்த வாசனை வீட்டில் எழும்பியபோது நான் சமையலறை வாசலில் போய் நின்றேன். மனுசி மீண்டு விட்டாள் என்று நான் நம்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. நத்தாருக்கு மறுநாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் தான் இருப்பதாகச் சொன்னாள். தங்கமான பிள்ளை, என் மனைவியைச் சொந்த அக்காவைப் போலப் பார்ப்பவள். புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் அவளை மனைவி கூப்பிட்டு, வீட்டைக் காட்டிக் கொடுத்தாள். நான் கூடத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"மழை அடிச்சாலும் கதவச் சாத்தப்படாது."

"சாத்தமாட்டன் அக்கா."

"வந்தா முதல்ல துவாயக் குடு. நனஞ்சிதான் வருவான். மறுகா சோறு போடு. மீன் எண்டா முள்ளெடுத்துக் குடுக்கணும், அவனுக்கு எடுக்கத் தெரியாது."

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். மகன் இருந்தால் இப்போது மீசை வைத்த ஆம்பிளை. அது என் மனைவிக்குத் தெரியாமலில்லை. மகளின் வயதைச் சரியாகச் சொல்கிறவள் அவள்.

"இடது புருவத்துல ஒரு வெட்டுக் காயம் இரிக்கு. அதப் பாத்துக்க. ஆராவது வந்து ஏமாத்திப்போடுவாங்க." அப்படிச் சொன்னவள், சட்டென்று பேச்சை நிறுத்தி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். "உன்ன அவனுக்குத் தெரியாதே புள்ள. நீ இந்த ஊருக்கு வந்ததே பிறகுதானே. வேற ஆரோ இரிக்காங்க எண்டு வாசலோட திரும்பிப் போயிருவானே."

அவள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நான் கட்டிய கயிற்றை அவளே வந்து அவிழ்த்தாள்.

"நீங்க போங்க. நான்தான் இரிக்கணும்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டுப் பெண் நிற்கிறாள் என்றும் பார்க்காமல் கத்தினேன். "உனக்கு உயிரோட ஒரு புள்ள இரிக்குதடி. அது கூப்பிடுது. அது உன்ர கண்ணுக்குத் தெரியல்லையா?" அவள் பெட்டியிலிருந்து தன் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். "அவள் இரிக்காள் எண்டு தெரியும்தானே" என்றாள். "தெரிஞ்ச புள்ளைக்கு என்ன பயம்?"

மகளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் மட்டும் வருகிறேன் என்றேன்.

"வேணாம் அப்பா. அண்டைக்கு அம்மாவத் தனிய விடாதீங்க."

"நீ அங்க தனிய..."

"எனக்குப் பழக்கம்தானே." பிறகு கேட்டாள்: "அம்மா கேக் செஞ்சவவா?"

"ஓம். செஞ்சவ."

"நல்லா வந்திச்சா?"

ஓம் என்றேன். தொடர்பு அறுந்துவிட்டது, அல்லது அவள் அறுத்துவிட்டாள்.

நத்தார் வழக்கம் போலக் கழிந்தது. நான் பூசைக்குப் போய் வந்தேன். கேக்கை யாரும் வெட்டவில்லை. மறுநாள் விடியுமுன் மனைவி எழுந்து, குளித்து, கதவைத் திறந்து, கதிரையைப் போட்டாள். நாள் முழுக்க மழை. தூவானம் உள்ளே வந்து நிலமெல்லாம் ஈரம். நான் சாக்கைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன், அதைவிட எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

இருட்டுகிற நேரம் வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. மழைக்குள்ளே ஓர் உருவம், தோளில் பை, தலைக்கு மேலே ஒரு பொலித்தீன், ஓட்டமும் நடையுமாக வந்து படியேறியது. மனைவி எழுந்துவிட்டாள். கதிரை பின்னால் விழுந்தது. அவளுடைய முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை, கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

வந்த ஆள் பொலித்தீனை விலக்கி லைற் வெளிச்சத்துக்கு வந்தது. என் மகள். எங்களுக்குச் சொல்லாமல், கிடைத்த விமானத்தில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பகல் முழுக்க பஸ்ஸில் இருந்து வந்திருக்கிறாள்.

மனைவியின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து போனது. ஒரு கணம்தான். அடுத்த கணமே மகளைக் கட்டிக்கொண்டு, நனைந்துவிட்டாயே என்று தலையைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். மகளும் பார்த்துவிட்டாள்.

"நான்தான் அம்மா" என்றாள் அவள், மன்னிப்புக் கேட்பவளைப் போல.